நியூ வோர்ல்டு வளைவு நிற்கிறது. ராட்டினக்காரர்களின் கைவேலையையும் பதிவு செய்வோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதியைச் சுற்றிப் போகிறவர்கள், ‘நியூ வோர்ல்டு’ கேளிக்கைப் பூங்காவின் பழைய நுழைவாயில் வளைவைப் பார்த்திருப்பார்கள். அதைப் பத்திரப்படுத்தி மீண்டும் அங்கேயே நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் அந்த வாசலுக்கு உள்ளே சுற்றிய ராட்டினத்தை மாட்டியது எப்படி, கழற்றியது எப்படி, எந்த போல்ட்டை முதலில் முடுக்கினார்கள், மழை இருட்டினால் யாரை முதலில் இறக்கினார்கள் என்பதெல்லாம் வளைவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதல்ல. அந்தத் தொழிலறிவு இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புப் பேட்டைகளின் வெட்டவெளித் திடல்களில் ராட்டினம் போடும் குடும்பங்களின் கையில் இருக்கிறது. அவர்களில் மூத்தவர்கள் ஓய்வெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களிடமிருந்து கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1923இல் ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்ற பெரனாக்கான் (இங்கேயே வேரூன்றிய சீன மரபு) சகோதரர்கள் ஜாலான் புசாரில் நியூ வோர்ல்டைத் திறந்தார்கள். 1931இல் கிம் செங் ரோட்டில் கிரேட் வோர்ல்டு வந்தது. 1930களின் பிற்பகுதிக்குள் கேலாங் பக்கம் ஹேப்பி வோர்ல்டும் சேர்ந்துகொண்டது. பின்னாளில் கே வோர்ல்டு என்று பெயர் மாறியது அதுதான். இம்மூன்றிலும் ராட்டினம், பம்பர் கார், மல்யுத்தம், நாடகம், சினிமா, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரே வேலிக்குள் இருந்தன. தொடங்கியவர்களும் சகோதரர்கள், பிற்காலத்தில் நியூ வோர்ல்டில் பங்கெடுத்த ஷா திரைப்பட நிறுவனத்தாரும் சகோதரர்கள். இந்தத் தொழிலில் குடும்பம் என்பது இடையில் ஒட்டிக்கொண்டதல்ல.

தொலைக்காட்சி வந்தது, கடைத்தொகுதிகள் வந்தன, ஒரே வேலிக்குள் எல்லாம் என்ற ஏற்பாடு படுத்துவிட்டது. நியூ வோர்ல்டு 1987இல் மூடப்பட்டது. 1969இல் காலாங்கில் தொடங்கிய வொண்டர்லேண்ட் 1988 வரை ஓடியது. கே வோர்ல்டு 2000இல் போயிற்று. ஆனால் ராட்டினத்தில் ஏற வேண்டும் என்ற பிள்ளைகளின் ஆசை எங்கும் போகவில்லை. மக்கள் அடுக்குமாடிப் பேட்டைகளுக்குக் குடிபெயர்ந்தார்கள்; ராட்டினமும் லாரி ஏறி அவர்களைத் தேடிப் போனது. 1978இல் நிறுத்தப்பட்ட தெருவோர ‘பாசார் மாலாம்’ என்ற இரவுச் சந்தை, பிறகு பேட்டைத் திடல்களில் அனுமதி பெற்ற சந்தையாகத் திரும்பி வந்தபோது, அதன் ஓரத்தில் ஒரு குடைராட்டினமும் ஊஞ்சல்போல ஆடும் ஒரு வைக்கிங் கப்பலும் இடம் பிடித்துக்கொண்டன. 1984இல் தொடங்கிய அங்கிள் ரிங்கோ என்ற ராட்டின நிறுவனத்தின் பெயரை அந்தப் பேட்டைகளில் வளர்ந்த பலருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

நிலையான பூங்காவின் ராட்டினமும் ஊர் சுற்றும் ராட்டினமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். செய்யும் வேலையில் அவை வெவ்வேறு. நிலையான ராட்டினம் கான்கிரீட் அடித்தளத்தில் ஒருமுறை இறுக்கப்பட்டால் பல ஆண்டுகள் அங்கேயே நிற்கும். ஊர் சுற்றும் ராட்டினம் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முறை பிரிந்து சேர்கிறது. ஒவ்வொரு முறையும் துளை தேய்கிறது, அதில் செருகும் இரும்பு ஆணியான ‘பின்’ தேய்கிறது, நிலம் மாறுகிறது. சுற்றித் தேய்வதைவிடக் கழற்றி மாட்டித் தேய்வதே அதிகம் என்று இத்தொழிலில் இருப்பவர்கள் சொல்வது உண்மை.

உதாரணத்துக்கு ஒரு குடைராட்டினத்தின் கைகளை எடுத்துக்கொள்வோம். நடுத்தூணிலிருந்து வெளியே நீளும் ஒவ்வொரு கைக்கும் ஓர் எண் உண்டு. அது பொருந்தும் காதுக்கும் (துளையுள்ள இரும்புப் பிடி) அதே எண் உண்டு. எண் அழியாமலிருக்கப் பெயிண்டில் எழுதுவதோடு நிற்காமல் உளியால் கொத்தியும் வைப்பார்கள். எல்லாக் கையும் ஒரே அளவுதானே, எதை எங்கே போட்டால் என்ன என்று புதியவர் நினைப்பார். மூன்றாம் கையின் பின்னும் மூன்றாம் காதின் துளையும் ஒன்றாகவே தேய்ந்திருக்கும். அந்த இடத்தில் ஏழாம் கையைப் போட்டால் பின் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் ஆடும். அன்று ஒன்றும் ஆகாது. நாலைந்து இடம் மாறிய பிறகு துளை நீள்வட்டமாகிவிடும். அப்புறம் வெல்டிங், மறுதுளை, பொறியாளர் சான்று என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

பின்னைப் பூட்டும் ஆர்-கிளிப் கதை இன்னும் சின்னது, இன்னும் முக்கியமானது. விரல் நீளக் கம்பி அது. புல்லில் விழுந்தால் கண்ணில் படாது. ஒன்று குறைந்தால் பின் மெல்ல மெல்ல நகர்ந்து வெளியே வரும். அதற்காகக் குடும்பங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு எளிமையானது. ஒரு பலகையில் ஒவ்வொரு பின்னின் வடிவத்தையும் வரைந்து, அதனதன் இடத்தில் மாட்டி வைப்பார்கள். கழற்றும்போது பலகை நிறைய வேண்டும், மாட்டும்போது பலகை காலியாக வேண்டும். பலகையில் ஒன்று மிஞ்சினால் ராட்டினம் சுற்றக் கூடாது. ஆர்-கிளிப் வளைந்து இளகியிருந்தால் தூக்கிப் போட வேண்டும். இரு முனைகளை விரித்துப் பூட்டும் ஸ்பிளிட் பின்னாக இருந்தால் பேச்சே இல்லை, ஒவ்வொரு முறையும் புதிது. ஒருமுறை விரித்து நிமிர்த்திய ஸ்பிளிட் பின் அடுத்த முறை விரிக்கும்போது உடையும். அரைகுறையாக உடைந்தது வெளியே தெரியாது. இந்தப் பலகையைப் பத்து வயதுப் பிள்ளைகூட எண்ணிவிடும். குடும்பத்தில் அடுத்த தலைமுறை வேலை பழகுவது பெரும்பாலும் இந்தப் பலகையில்தான்.

இனி நிலம். சிங்கப்பூரில் இதுதான் பெரிய தலைவலி.

ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. திடலில் மேலே புல் அழகாக இருக்கும், கீழே களிமண் ஊறிக் கிடக்கும். ஒரு ராட்டினத்தின் தாங்குகால் 5 டன் இறக்குகிறது என்று வைப்போம். அந்தக் காலின் பாதம் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர். பரப்பு 0.09 சதுர மீட்டர். அப்படியானால் மண்ணின்மேல் சதுர மீட்டருக்கு 55 டன் வீதம் அழுத்தம் விழுகிறது. மழையில் ஊறிய களிமண் 5 முதல் 7 டன் தாங்கினாலே பெரிது. பாதம் இறங்கத்தான் செய்யும். அதே 5 டன்னை ஒரு சதுர மீட்டருக்குப் பரப்பிவிட்டால் 5 டன்தான், மண் தாங்கிக்கொள்ளும்.

பரப்புவது எப்படி என்பதில்தான் கைவேலை இருக்கிறது. ஒரு மீட்டர் சதுரத் தகடு ஒன்றைப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். மெல்லிய தகடு நடுவில் குழிந்துவிடும். சுமை மறுபடி நடுவிலேயே நிற்கும், தகட்டின் ஓரம் வானத்தைப் பார்க்கும். குழியாத அளவுக்கு 20 மில்லிமீட்டர் கனத்தில் எடுத்தால் ஒரு தகடு 157 கிலோ. கிரேன் இல்லாமல் நகராது. அதனால்தான் கட்டை. 15 சென்டிமீட்டர் சதுரமும் 1.2 மீட்டர் நீளமும் உள்ள கெட்டிமரச் சிலிப்பர் கட்டை ஏறக்குறைய 25 கிலோ, ஒருவர் தூக்கலாம். ஏழு கட்டையை நெருக்கி வரிசையாகப் போட்டால் 1.26 சதுர மீட்டர் கிடைக்கும். அதன்மேல் குறுக்கே இரண்டாம் வரிசை, அதன்மேல் ஒரு சிறிய இரும்புத் தகடு, அதன் நடுவில் தாங்குகால். வரிசைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்க வேண்டும். ஒரே திசையில் அடுக்கினால் உருளும். அடுக்கு எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. ஒரு மூலையில் உயரம் தேவைப்படுகிறது என்றால் கட்டை கோபுரம் கட்டக் கூடாது. ராட்டினத்தையே இரண்டு மீட்டர் தள்ளிப் போடுவதுதான் சரி. விளம்பரப் பலகை மறைகிறது என்று ஏற்பாட்டாளர் சொன்னாலும் தள்ளித்தான் போட வேண்டும்.

மட்டம் பார்ப்பதற்கு ரசமட்டம் போதும் என்று சொல்வார்கள். நடுத்தூணுக்கு அது போதும். எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு கால்களை ஒப்பிடக் கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய குழாயான டியூப் மட்டம்தான் துல்லியமானது. குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அது பொய் சொல்லும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒருமுறை மட்டம் பார்த்தால் வேலை முடிவதில்லை. ஆட்களை ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு திரும்பப் பார்க்க வேண்டும், மழை பெய்து விட்ட பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். கட்டைக்குப் பக்கத்தில் புல் சேறாகக் கசிந்து மேலே வருகிறதா என்று பார்ப்பது பழைய ஆட்களின் பழக்கம். அது கசிந்தால் கால் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மட்டம் தப்பிய குடைராட்டினம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முனகும். மோட்டாரின் குரல் மாறும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காதை எந்தக் கையேடும் தராது.

ராட்சத ராட்டினத்துக்கு வருவோம். ஊரூராக எடுத்துப் போகும் சக்கரத்துக்கும் ஒரு குடும்ப வரலாறு உண்டு. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் நிறுத்திய முதல் சக்கரம் ஏறக்குறைய 80 மீட்டர் உயரம். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். அதைப் பிரித்து வேறிடம் கொண்டுபோய் நிறுத்துவதே பெரும் செலவு. கடைசியில் 1906இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதில் ஏறிப் பார்த்த வில்லியம் சல்லிவன் என்பவர், பிரித்து வண்டியில் ஏற்றக்கூடிய சிறிய சக்கரத்தை 1900இல் இல்லினாய் மாநிலத்து ஜாக்சன்வில்லில் ஓட்டிக் காட்டினார். அவர் தொடங்கிய ஈலை பிரிட்ஜ் நிறுவனத்தை அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்தார்கள். பெரியதைக் கட்டியவரின் பெயர் ‘ஃபெரிஸ் வீல்’ என்று சக்கரத்துக்கு நின்றது. ஆனால் சிற்றூர்ப் பிள்ளைகளிடம் சக்கரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, பிரித்து மாட்டத் தெரிந்தவரின் வேலை.

12 இருக்கைச் சக்கரத்தில் ஆள் ஏற்றுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. 1, 7, 4, 10. பிறகு 2, 8, 5, 11. பிறகு 3, 9, 6, 12. எதிர் எதிராக ஏற்றினால்தான் சக்கரம் சமநிலையில் நிற்கும். 1, 2, 3 என்று வரிசையாக நிரப்பினால் பாதிச் சக்கரம் கனத்துவிடும். ஓர் இருக்கையில் மூன்று பெரியவர்கள், 200 கிலோ. எதிர் இருக்கையில் இரண்டு சின்னப் பிள்ளைகள், 40 கிலோ. வித்தியாசம் 160 கிலோ. மையத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி அது தொங்குகிறது. இப்படி ஒரு ஜோடி இருந்தால் மோட்டார் சமாளிக்கும். மூன்று ஜோடி ஒரே பக்கம் சாய்ந்தால், விளிம்பைத் தேய்த்துத் தள்ளும் டயர் வழுக்கும், கனத்த பக்கம் தானாகக் கீழே ஓடிவரும், அதை நிறுத்த பிரேக் போட்டுப் போட்டுச் சூடேறும். டிக்கெட் கிழிப்பவர் ‘அண்ணே, அடுத்த வண்டியில் ஏறுங்க’ என்று ஒருவரைக் காக்க வைத்தால் கோபப்பட வேண்டாம். அவர் எடையைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஏற்றுவதில் காட்டும் கவனத்தை இறக்குவதில் பலர் காட்டுவதில்லை. தவறு நடப்பது அங்கேதான். கூட்டம் அவசரப்படுத்தும், கீழே வந்து நிற்கும் இருக்கையை அடுத்தடுத்துக் காலி செய்துகொண்டே போவார்கள். ஆறு இருக்கை காலியானதும் ஒரு பக்கம் முழுக்கக் காலி, மறுபக்கம் ஆறு இருக்கை நிறைய ஆட்கள். ஏற்றிய அதே வரிசையில்தான் இறக்க வேண்டும்.

இங்கே வானிலைக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஓர் இருக்கையை இறக்க 40 வினாடி என்றால் 12 இருக்கைக்கு 8 நிமிடம். ஆண்டில் 160 நாள்களுக்கு மேல் இடி இடிக்கும் ஊரில் அந்த 8 நிமிடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். முதல் துளி விழுந்த பிறகு முடிவெடுத்தால் நேரம் கடந்துவிட்டது என்றே அர்த்தம். இப்போது கைப்பேசியில் மழை ராடார் பார்க்கலாம். மழை பக்கத்துப் பேட்டையில் இருக்கும்போதே ஏற்றுவதை நிறுத்துகிறார்கள். காற்றுமானியைச் சக்கரத்தின் உச்சி உயரத்தில் வைக்க வேண்டும், டிக்கெட் கூண்டின் மேல் வைத்துப் பயனில்லை. ‘சுமத்ரா’ புயற்காற்று வேறு ரகம். அது பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வரும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். ராட்டினத்தில் அப்போது ஆள் இருக்க மாட்டார்கள், பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்க மாட்டார்கள். அதனால் இரவு 11 மணிக்கு மூடும்போது கூடாரத்துணியை இறக்கிவிட வேண்டும், இருக்கைகளை ஒன்றோடொன்று கட்ட வேண்டும். களைப்பில் ‘நாளைக்குத்தானே’ என்று விட்ட துணிதான் அதிகாலையில் பாய்மரம் ஆகிறது.

காற்றடித்த குதிகோட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்றோர்கள் இதைத்தான் ஆபத்தில்லாதது என்று நம்புகிறார்கள். மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் காற்றடித்தால் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பியத் தரம். குறைந்தது 6 இடத்தில் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டும் 1,600 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். புல்தரையில் 38 சென்டிமீட்டர் முளையை அடிப்பார்கள். நம் திடல்களுக்கு அடியில் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடலாம் என்பதால் முளை அடிக்க எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். அப்போது எடை வைக்க வேண்டும். ஒரு கட்டுக்கு 163 கிலோவாவது வேண்டும். 200 லிட்டர் பீப்பாயை முழுக்க நிரப்பினால் சரியாக இருக்கும். பாதி நிரப்பிய பீப்பாய் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், காற்றுக்குத் தெரியாது. பிள்ளையை உள்ளே விடுமுன் பெற்றோர் பீப்பாயைக் காலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கலாம். அசையவே கூடாது.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று கட்டங்களிலும் (ஃபேஸ்) சுமையைச் சமமாகப் பிரிக்க வேண்டும். மோட்டார் கிளம்பும்போது இயல்பைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். விளக்குகள் அதே வழியில் இருந்தால் மங்கி மங்கி எரியும். விளக்குக்குத் தனி வழி. பிளக் இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது. மழைநீர் உள்ளே போனால், மின்கசிவில் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கசிவுக்காப்பு சுவிட்ச் தட்டிவிடும். அது தட்டுவது தொல்லை அல்ல, அது தன் வேலையைச் செய்கிறது. அதைத் தவிர்க்கிறேன் என்று நேரடியாக இணைப்பவரைத் திடலிலேயே சேர்க்கக் கூடாது. உரிமம் பெற்ற மின் ஊழியர் வந்து பார்த்துக் கையெழுத்திடாமல் சுவிட்சைப் போடக் கூடாது.

வைக்கிங் கப்பலில் ஒன்று. பெரும்பாலான கப்பல்களுக்கு அடியில் ஒரு டயர் சுழன்று வயிற்றுப் பகுதியை உரசித் தள்ளும். நிறுத்துவதும் அதே டயர்தான். டயரில் காற்று குறைந்தாலும் ஈரம் ஏறினாலும் தள்ளுவதும் குறையும், நிறுத்துவதும் குறையும். தூறல் விட்டதும் ஓட்டச் சொல்லி வரிசையில் நிற்பவர்கள் நச்சரிப்பார்கள். டயர் உரசும் கப்பலின் அடிப்பாகத்தைத் துடைத்து, வெறும் கப்பலை இரண்டு மூன்று முறை ஆட்டி, நிற்க எத்தனை ஆட்டம் ஆகிறது என்று எண்ணிய பிறகே ஆள் ஏற்ற வேண்டும்.

இத்தனையும் ஏன் குடும்பத் தொழிலாகவே நீடிக்கிறது? எங்கள் கருத்து இது. ஒரு ராட்டினத்தின் குணம் அதன் சொந்தக்காரருக்குத்தான் தெரியும். எந்த பேரிங் எந்த ஆண்டு மாற்றியது, எந்தக் கால் எப்போதும் ஒரு விரற்கடை குட்டை என்பதெல்லாம் ஒரு வீட்டுக்குள் கைமாறும் செய்தி. பணக் கணக்கும் காரணம். திடல் வாடகை, லாரி, கிரேன், பொறியாளர், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் முதல் டிக்கெட் விற்குமுன்பே கொடுத்தாக வேண்டும். 40 கிலோவாட் சுமைக்கு மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் டீசல். ஐந்து மணி நேரம், பத்து இரவு என்றால் 600 லிட்டர். மழை பெய்து ஒருவரும் வராத இரவிலும் விளக்கு எரிய வேண்டும். பத்தில் நாலு இரவு மழையில் போனால் சம்பளக்காரர் தாங்க மாட்டார். குடும்பம் அடுத்த திடலைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளும்.

2020இல் நோய்த்தொற்று வந்து சந்தைகள் நின்றபோது இத்தொழில் பட்ட அடியை வெளியே பலர் அறிய மாட்டார்கள். ஓடாத ராட்டினம் தேயாது என்று நினைப்போம். ஓடாமல் நின்ற பேரிங்கில் உருளைகள் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழுகிறது, கிரீஸ் கீழே இறங்கி மேல்பாதி காய்கிறது, ஹைட்ராலிக் சீல்கள் வறண்டு விரிசல் விடுகின்றன, டயர் ஒரு பக்கம் தட்டையாகிறது. கடலோரக் காற்றில் போல்ட் மரையில் துரு பிடிக்கிறது. வாரம் ஒருமுறையாவது கால்சுற்று நகர்த்தி நிறுத்தி வைத்தவர்களின் ராட்டினங்கள் பிழைத்தன. குளிர்நாடுகளில் ஆண்டுதோறும் ராட்டினங்களுக்குக் குளிர்கால ஓய்வு உண்டு, அதில் பழுது பார்ப்பார்கள். நமக்கு ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்று அடுக்கடுக்காக வேலை வரும். ஓய்வை நாமே வலிந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

2011இல் கேளிக்கைச் சவாரிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதி பெற்றே சவாரியைப் பொருத்தவும் ஓட்டவும் வேண்டும். இதைத் தொழிலுக்குச் சுமை என்று சிலர் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. தலையில் வைத்திருந்ததைத் தாளில் எழுத வைத்தது இந்தச் சட்டம்தான். ஆனால் தாள் கேட்பது முடிவை. ‘மட்டம் சரி’ என்று ஒரு குறியீடு போட இடம் இருக்கிறது. எப்படிச் சரி செய்தார்கள் என்று எழுத இடம் இல்லை.

மற்ற நாடுகளில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஊர் சுற்றும் ராட்டினக் குடும்பங்கள் 1889இல் சங்கம் வைத்தன. வண்டியில் வாழ்கிறவர்களைக் கட்டுப்படுத்த வந்த ஒரு சட்ட மசோதாவை எதிர்க்கத் தொடங்கிய சங்கம் அது. அந்தக் குடும்பங்களின் படங்களும் ஆவணங்களும் 1994 முதல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் தனிக் காப்பகமாகச் சேர்கின்றன. அமெரிக்காவில் கிரேக்கக் குடியேறி ஜேம்ஸ் ஸ்ட்ரேட்ஸ் 1923இல் தொடங்கிய குழு, சொந்த ரயிலில் ராட்டினங்களை ஏற்றி ஊர் ஊராகப் போனது. குடும்பத்தார் தொடர்ந்து நடத்தினார்கள். ஹவாயில் ஃபெர்னாண்டஸ் குடும்பம் 1903 முதல் தீவு விட்டுத் தீவு கடலில் ராட்டினம் கொண்டு போகிறது. உப்புக் காற்றும் கப்பல் ஏற்றமும் தெரிந்த அந்தக் குடும்பத்தின் அனுபவம் ரயில்காரர்களுடையதைவிட நமக்கு நெருக்கமானது.

நம்மிடம் 1979இல் அமைத்த வாய்மொழி வரலாற்று நிலையம் இருக்கிறது. அதன் கவனத்துக்கும், தேசிய மரபுடைமைக் கழகத்தின் கவனத்துக்கும் இதைக் கொண்டு செல்லுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறோம். எந்த ஆண்டு தொடங்கினீர்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. ஒரு ராட்டினம் லாரியிலிருந்து இறங்குவதில் தொடங்கி முதல் சுற்றுச் சுற்றுவது வரை முழுவதையும் படம் எடுக்க வேண்டும். லாரியில் ஏற்றும் வரிசையையும் எடுக்க வேண்டும். அடுத்த திடலில் முதலில் தேவைப்படும் கட்டையும் அடித்தளமும் கடைசியாக ஏற வேண்டும், ராட்டினக் குதிரைகள் அதற்கு முன்பே துணி சுற்றி உள்ளே போய்விட வேண்டும், ஏற்றிய உயரம் 4.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. இதில் ஒன்று பிசகினால் அரை நாள் போகும். தமிழ் பேசும் ஊழியர்களும் இத்திடல்களில் போல்ட் முடுக்குகிறார்கள். ஊர்த் திருவிழாவில் ரங்கராட்டினம் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்ய வேண்டும். ‘ஆப்பு வை’, ‘தம் கட்டு’, ‘கையை விட்டுடாதே’ என்ற சொற்களோடுதான் அந்த வேலை நடக்கிறது.

திடல் ஒதுக்குகிறவர்களுக்கும் சந்தை ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ராட்டினம் போட ஓர் இரவு மட்டும் கொடுக்காதீர்கள். கட்டை அடுக்க ஒரு பகல், மாட்ட ஒரு பகல், வெறுமனே ஓட்டிப் பார்க்கவும் பொறியாளர் பார்க்கவும் ஒரு பகல் என்று மூன்று பகல் வேண்டும். நடுவில் மழை பெய்தால் நான்கு. கழற்றும் இரவுக்கும் இது பொருந்தும். கடைசி நாள் இரவு களைத்த கைகளோடு அவசரமாகக் கழற்றும்போதுதான் ஆர்-கிளிப்புகள் புல்லில் விழுகின்றன. மறுநாள் பகலில் கழற்றவிட்டால் புல்லும் தப்பும்.

வாசகர்கள் வீட்டில் பழைய வோர்ல்டு பூங்காக்களிலோ பேட்டைச் சந்தைகளிலோ எடுத்த படங்கள் இருக்கலாம். பிள்ளையின் முகத்துக்குப் பின்னால் ராட்டினத்தின் அடிப்பாகம் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தக் கட்டை அடுக்குதான் எங்களுக்கு வேண்டியது. படத்தை ஒட்டிய ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், அப்படியே வைத்துப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பினால் போதும்.

ராட்டினக் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பராமரிப்புப் பதிவேடுகளை எறியாதீர்கள். அவற்றில் செருகியிருக்கும் இரும்பு கிளிப்புகளையும் ஸ்டேப்ளர் ஊசிகளையும் முதலில் கழற்றிவிடுங்கள். இந்த ஈரக் காற்றில் அவை துருவேறித் தாளைத் தின்றுவிடும். பேரிங், பெல்ட் வாங்கிய ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சானவை என்றால் சில ஆண்டுகளில் எழுத்து மறைந்து வெள்ளைத் தாளாகிவிடும். அவற்றை இந்த வாரமே நகலெடுத்து, நகலின் மூலையில் ராட்டினத்தின் பெயரையும் கையின் எண்ணையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ராட்டினப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
சிங்கப்பூர்.